தீசிஸ் அண்ணன்

துணைவேந்தர் நாற்காலி மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும் பல்கலைக்கழகம் நடக்கும், நடந்துகொண்டுதான் இருக்கிறது. வாசலுக்கு எதிரே இருக்கும் டி.டி.பி. கடை ஒரு வாரம் பூட்டிக் கிடந்தால் ஆராய்ச்சி அப்படியே நின்றுவிடும். கடைக்குள் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், இருமிக்கொண்டே ஓடும் ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரில் முருகன், முருகனுக்குக் கீழே 'கடன் அன்பை முறிக்கும்'. நடுவில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கழுத்தில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருப்பவர்தான் தீசிஸ் அண்ணன். திருவல்லிக்கேணிச் சந்து, மதுரைப் பல்கலை நகர், சிதம்பரம் அண்ணாமலைநகர் என்று ஊருக்கு ஊர் ஆள் மாறுவார். குணம் மாறாது.

அண்ணன் படித்தது பிளஸ் டூ. அதற்கு மேல் டைப்ரைட்டிங் ஹையர், தமிழிலும் இங்கிலீஷிலும். அவர் கையைக் கடந்துபோன முனைவர்களைக் கூட்டி உட்கார வைத்தால் ஒரு கல்யாண மண்டபம் போதாது. ஆனால் ஒருவர் பெயரும் அவருக்கு ஞாபகம் இருக்காது. கம்ப்யூட்டரில் ஃபோல்டர்களுக்கெல்லாம் தலைப்பை வைத்துத்தான் பெயர்: 'மண்புழு மேடம்', 'சங்கப் பறவை சார்', 'நானோ தம்பி', 'சுயஉதவிக்குழு தர்மபுரி', 'சுயஉதவிக்குழு திருவண்ணாமலை', 'சுயஉதவிக்குழு புதுசு'. போன் வந்தால், "யாரு, ரமேஷா? எந்த ரமேஷு? காலேஜ்ல வேலை பாக்குற ரமேஷா? தெரியலையே சார்" என்று இழுப்பார். பிறகு முகம் மலரும். "அட, சாயக்கழிவா! அப்படிச் சொல்லுங்க. மூணாவது சாப்டர் ரெடி சார், வந்து வாங்கிக்குங்க."

புதிதாக ஒரு ஸ்காலர் பென் டிரைவை நீட்டுகிறார். "எல்லாம் நானே டைப் பண்ணிட்டேன் அண்ணே. சும்மா அலைன்மெண்ட் மட்டும் பாத்துக் குடுத்தாப் போதும்." இந்த 'சும்மா'வைக் கேட்டுக் கேட்டு அண்ணனுக்குக் காது தடித்துவிட்டது. ஃபைலைத் திறப்பார். முதல் வேலை, வேர்டில் பத்திக் குறி போட்ட அந்தப் பொத்தானை அமுக்குவது. அமுக்கினால் கண்ணுக்குத் தெரியாதிருந்தவை எல்லாம் வெளியே வரும். தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ்பாரை நாற்பது தடவை தட்டியிருப்பார்கள். நாற்பதும் புள்ளி புள்ளியாக வரிசை கட்டி நிற்கும். அடுத்த அத்தியாயம் புதுப்பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக என்டரை விடாமல் அமுக்கியிருப்பார்கள். பக்கம் நெடுக அந்தக் குறி இறங்கிக்கொண்டே போகும். அண்ணன் கொஞ்ச நேரம் பார்ப்பார்.

"சார், இது டைப்பிங் இல்ல. பாதயாத்திரை."

ஸ்காலர் நெளிவார். ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தவர். நேர்கோட்டுப் பின்னடைவு, கை-வர்க்கச் சோதனை எல்லாம் அத்துப்படி. ஆனால் முன்பக்கங்களுக்குச் சின்ன ரோமன் எண்ணும், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3-உம் வர வேண்டும் என்றால் கை நடுங்கும். அதற்கு நடுவில் 'செக்‌ஷன் பிரேக்' என்று ஒன்று வைக்க வேண்டும். வைத்தபின் புதுப் பகுதியின் ஃபுட்டரில் 'முந்தையதோடு இணை' என்பதை அணைக்க வேண்டும். இந்த இரண்டும் தெரியாமல் தமிழ்நாட்டில் எத்தனை அறிஞர்கள் இரவு இரண்டு மணிக்கு அழுதிருக்கிறார்கள் என்பது அண்ணனுக்கும் முருகனுக்கும்தான் தெரியும். அண்ணன் அதை அரை நிமிடத்தில் செய்வார். அந்த நேரத்தில் திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். தொழில் ரகசியம்.

மார்ஜின் விஷயத்தில் அண்ணன் கறார். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம். ஏன் என்று கேட்டால், பைண்டிங் அரை அங்குலத்தைத் தின்றுவிடும் என்பார். டேபிளில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். அச்சான பக்கத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஸ்கேலை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். 'டைம்ஸ் நியூ ரோமன்' தவிர வேறு எழுத்துரு பெயரைச் சொன்னால், வீட்டுக்குள் செருப்போடு வந்தவரைப் பார்க்கும் பார்வை வரும். அந்த எழுத்துரு 1932-இல் லண்டனில் 'தி டைம்ஸ்' பத்திரிகைக்காக, குறுகிய பத்திகளில் நிறையச் சொற்களை அடைக்கத் தோதாக வந்தது. நம்மூர் ஸ்காலர் அதே எழுத்தை ஒன்றரை வரி இடைவெளியில், முடிந்தவரை அகலமாகப் பரத்தி, நூற்றிருபது பக்கச் சரக்கை இருநூற்றைம்பது பக்கமாக்கப் பயன்படுத்துகிறார். தேவைகள் வேறு.

அட்டைப் பக்கம் அண்ணனின் கலைக்கூடம். தலைப்பு தலைகீழ்க் கோபுரமாக இறங்க வேண்டும்: மேலே நீண்ட வரி, அதற்குக் கீழே கொஞ்சம் சிறிய வரி, கடைசியில் ஒற்றைச் சொல். தலைப்பு அப்படி அமையாவிட்டால் அமைகிற வரை விடமாட்டார். "சார், 'கோவை மாவட்டத்தில்'னு இருக்கறதை 'கோயம்புத்தூர் மாவட்டத்தில்'னு ஆக்கிட்டா ரெண்டாவது வரி அம்சமா உக்காரும். 'ஓர் ஆய்வு' மட்டும் கடைசியில தனியா நிக்கணும். அதுதான் அழகு." ஓர் ஆய்வுதான் கடைசியில் தனியாக நிற்கிறது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நன்றியுரைக்கு வருவோம். ஆய்வேட்டில் எல்லோரும் படிக்கிற ஒரே பகுதி அதுதான் என்பதால் அண்ணன் அதில் கூடுதல் கவனம் செலுத்துவார். துணைவேந்தர், பதிவாளர், தேர்வாணையர், கல்லூரிச் செயலர், முதல்வர், துறைத்தலைவர், கைடு, டாக்டரல் கமிட்டி உறுப்பினர்கள் என்று கோயில் பரிவட்ட வரிசை ஒன்று உண்டு. வரிசை பிசகினால் சப்மிஷன் பிசகும். ஆறு வருடத்தில் துணைவேந்தர் மாறியிருந்தால் அண்ணன் பெயரைத் தேடி மாற்றிவிடுவார். நாற்காலி காலியென்றால் 'துணைவேந்தர் பொறுப்புக் குழுவினர்' என்று ஒரு பொதுநன்றி கைவசம் இருக்கிறது. கைடு பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்களின் ரயில் ஒரே வரியில் அடங்க வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். அதில் எம்.ஃபில். பெட்டியை இனிமேல் யாரும் புதிதாகக் கோக்க முடியாது. 2022 விதிமுறையில் யு.ஜி.சி. அதைக் கழற்றிவிட்டது. "வருங்காலத்துல எடம் கொஞ்சம் மிச்சமாகும்" என்று அண்ணன் அதை வரவேற்றார்.

மனைவி பெயர் நான்காவது பத்தியில் இருந்தால் சண்டை வரும் என்று முன்கூட்டியே எச்சரிப்பார். எச்சரிக்கையை மீறியவர்கள் மறுநாள் காலையில் தாமாகவே வந்து இரண்டாவது பத்திக்கு மாற்றச் சொல்வார்கள். எல்லாம் முடிந்தபின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'இவ்வாய்வேட்டினைக் குறித்த நேரத்தில் பிழையின்றி, அழகுற ஒளியச்சு செய்து தந்த...' அண்ணன் கடையின் பெயர். அதை எந்த ஸ்காலரும் எழுதிக் கொடுப்பதில்லை. தனக்கான நன்றியைத் தானே தட்டச்சு செய்துகொள்ளும் ஒரே மனிதர் உலகில் அவராகத்தான் இருப்பார். அந்த வரியில் மட்டும் எழுத்து அரை புள்ளி பெரிதாக இருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம். ஸ்கேல் அவரிடம் இருப்பதால் நிரூபிக்க முடியவில்லை.

கைடைக் கையாள்வதில் அண்ணனுக்குத் தனி வழி. முதல் பிரதியில், முதல் பத்துப் பக்கத்துக்குள் ஒரு சின்னத் தவறை விட்டுவைப்பார். பெரும்பாலும் ஒரு புள்ளி, அல்லது கைடின் இனிஷியலில் ஓர் இடைவெளி. கைடு சிவப்புப் பேனாவால் அதைச் சுழித்து, பக்க ஓரத்தில் 'கவனம் தேவை' என்று எழுதி, மனநிறைவோடு கையெழுத்துப் போடுவார். "தப்பே இல்லாமக் குடுத்தா அவரு தேடுவாரு சார். தேடுனா அஞ்சாவது சாப்டர் வரைக்கும் போயிருவாரு. அது யாருக்கும் நல்லதில்ல" என்பது அண்ணனின் விளக்கம்.

கன்டென்டில் கை வைக்கக் கூடாது என்பது அண்ணன் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். ஆய்வையே எழுதிக் கொடுக்கிற கடைகளும் உண்டு. அந்தப் பேச்சு எடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டீ குடிக்க எழுந்து போய்விடுவார். ஆனால் கை வைக்காத கண் பார்க்காமல் இருக்குமா? ஒருநாள் வணிகவியல் ஸ்காலர் ஒருவரிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், அட்டவணை நாலு புள்ளி பன்னெண்டு. ஆண்கள் 62 சதவீதம், பெண்கள் 39. ஒருத்தர் கூடுதலா வந்திருக்காரு. சாப்பாடு போட்டு அனுப்பிரலாமா?" அந்த அட்டவணை அதற்கு முன்பு கருத்தரங்கில் வாசிக்கப்பட்டு, ஆய்விதழில் வெளியாகி, சினாப்சிஸ் கூட்டத்தில் கைதட்டலும் வாங்கியிருந்தது.

மேற்கோள் முறை மாறுவதை அவரைவிட நெருக்கமாக அனுபவித்தவர் இல்லை. ஆங்கிலத் துறை ஆட்கள் எம்.எல்.ஏ. கையேட்டைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். 2009-இல் வந்த ஏழாம் பதிப்பு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் பின்னால் 'பிரிண்ட்' என்று போடச் சொன்னது; அண்ணன் போட்டார். 2016-இல் வந்த எட்டாம் பதிப்பு அது வேண்டாம் என்றது, பதிப்பித்த ஊரின் பெயரையும் எடுக்கச் சொன்னது; அண்ணன் எடுத்தார். 2021-இல் ஒன்பதாவது வந்தது. "புத்தகம்னா அச்சடிச்சதுதானே சார், அதை வேற எழுதணுமான்னு நான் அப்பவே கேட்டேன். ஏழு வருஷம் கழிச்சு அமெரிக்காக்காரன் ஒத்துக்கிட்டான்."

படிக்காத ஆளிடமா இத்தனை அதிகாரம் என்று முகம் சுளிக்கிற பேராசிரியர்கள் சிகாகோவை நினைத்துக்கொள்ளலாம். அங்கே 1930 முதல் 1958 வரை பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுச் செயலராக இருந்தவர் கேட் துராபியன். அவர் ஒப்புதல் இல்லாமல் அங்கே ஓர் ஆய்வேடும் கரையேறவில்லை. மாணவர்களுக்காக 1937-இல் அவர் போட்ட சிறு கையேடுதான் பெருத்து, இன்று உலகம் முழுக்க 'துராபியன் முறை' என்று நிற்கிறது. அந்த அம்மையார் கல்லூரிப் பட்டம் பெற்றவர் இல்லை. இதை நான் சொன்னபோது அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பக்கத்துக்கு எவ்வளவு வாங்குனாங்க?"

தமிழ்த் துறை ஆய்வேடு வந்தால் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். பாமினி, வானவில், செந்தமிழ், ஷ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்த காலத்தின் மிச்சங்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் ஸ்காலரின் பழைய எம்.ஃபில். ஃபைலுக்கு அரசாணை தெரியாது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், பாமினியில் 'தமிழ்' என்று அடித்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று இங்கிலீஷில் பல்லிளிக்கும். ஸ்காலர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அண்ணனோ கண்ணாடியை இறக்கிக்கொண்டு அந்த ஆங்கில எழுத்துக் குப்பையை அப்படியே தமிழாக வாசிப்பார். "குறிஞ்சித் திணையில் பறவைகள், சரி... இந்த எடத்துல ஒரு ஒற்று விட்டுப்போச்சு மேடம்." கல்வெட்டு படிக்கிறவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறது. இதற்கு இல்லை.

பிளாகியரிசம் செக் என்பது அண்ணன் கடைக்கு வந்த புதுக் காய்ச்சல். 2018-இல் யு.ஜி.சி. விதி வந்தது: ஒற்றுமை 10 சதவீதம் வரை பாதகமில்லை, 10-க்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொண்டுவர வேண்டும், 60 வரை போனால் ஒரு வருடம் அந்தப் பக்கமே வரக் கூடாது, அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் "எவ்வளவு இருக்கு?" என்றுதான் விசாரித்துக்கொள்கிறார்கள். "பதினேழு இருந்துச்சு, நேத்து பன்னெண்டுக்கு எறங்கிருச்சு." பாதி நேரம் மென்பொருள் கண்டுபிடிக்கும் திருட்டு, ஸ்காலர் தானே எழுதி வெளியிட்ட கட்டுரைதான். சிலர் சதவீதத்தை இறக்க, சொற்களை மாற்றிக் கொடுக்கும் மென்பொருளிடம் போய்விடுகிறார்கள். அது 'ஆர்ட்டிபிஷியல் இன்டலிஜென்ஸ்' என்பதைக் 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆக்கிக் கொடுக்கும். இப்படிச் சிதைந்த சொற்றொடர்களை 2021-இல் பிரான்சின் கில்லாம் கபனாக்கும் கூட்டாளிகளும் ஆய்விதழ்களிலிருந்து வலைபோட்டுப் பிடித்தார்கள். அண்ணனுக்கு வலை வேண்டாம். "நேத்து வரைக்கும் நல்லா இருந்த பேரு இன்னிக்கு ஏன் மேடம் போலீஸ் கேஸு மாதிரி இருக்கு?" என்று கேட்பார், மேடம் மாற்றிவிடுவார்.

அந்த விதியில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒற்றுமைக் கணக்கிலிருந்து நன்றியுரைக்கு விலக்கு. விதி எழுதியவர்கள் நாலு ஆய்வேடாவது புரட்டியிருக்கிறார்கள்.

கடைசி நாளைப் பார்க்க வேண்டும். ஆறு வருட அவகாசம் தீர்ந்து, மறுபதிவு செய்து வாங்கிய இரண்டு வருடமும் தீர்கிற அந்த நாளின் முந்தின இரவில்தான் ஸ்காலர் வருவார். கூடவே மைத்துனர், ஒரு ஃபிளாஸ்க் டீ. நூலகம், விடுதி, துறை என்று சுற்றி வாங்கிய 'நோ டியூஸ்' காகிதங்கள் ஒரு மஞ்சள் பையில். பிரிண்டர் 183-ஆம் பக்கத்தில் நின்றுவிடும். அண்ணன் பதறமாட்டார், டிரேயைத் திறந்து பாண்ட் பேப்பரை விசிறிவிட்டு, தட்டி அடுக்கி, முருகனைப் பார்த்துவிட்டு மூடுவார். ஓடும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். ஒன்றரைக்குப் பல்கலைக்கழக செக்‌ஷன் ஆட்கள் சாப்பிடப் போவார்கள். மூன்றிலிருந்து நாலரை எமகண்டம். அண்ணன் கணக்குப் போட்டு, "பன்னெண்டே காலுக்கு உள்ள போங்க. கையெழுத்து வாங்கிட்டு ஒண்ணு இருபதுக்கு வெளிய வந்துரணும்" என்பார். ஸ்காலர் இயற்பியல். குவாண்டம் இயங்கியலில் ஆய்வு. பன்னிரண்டே கால் வரை வாசலில் நின்றுவிட்டு, வலது காலை எடுத்து வைத்துத்தான் உள்ளே போனார்.

வைவா வரைக்கும் ஸ்பைரலோ சாஃப்ட் பைண்டிங்கோ போதும். முடிந்தபின்தான் ரெக்சின், தங்க எழுத்து. பைண்டிங் வேலை அண்ணனின் மச்சான் பொறுப்பு. பசை வாடை அடிக்கிற பின்கட்டில் அவர் இருப்பார், பேசமாட்டார். வைவாவுக்கு அண்ணனும் போவார். பொது வாய்மொழித் தேர்வு, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். கடைசி வரிசையில் மிக்சரும் ஜாங்கிரியும் வைத்த தட்டோடு உட்கார்ந்திருப்பார், பையில் மாற்று பென் டிரைவ். வெளியூர்ப் புறத்தேர்வாளர், "நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல என்ன சொல்ல வர்றீங்க?" என்று கேட்டபோது ஸ்காலர் விழித்தார். "அது முழுப்பக்கக் கிராஃபு, படுக்கை வசம்" என்று பின்னாலிருந்து முணுமுணுப்பு வந்தது.

அதன் பிறகு சி.டி. கேட்பார்கள். ஸ்காலரின் லேப்டாப்பில் சி.டி. போடும் வாயே இருக்காது. அண்ணன் கடையில் இருக்கிறது. அப்புறம் ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டுத் தளத்தில் ஏற்ற அத்தியாயம் அத்தியாயமாக பி.டி.எஃப். வெட்டி, 01 தலைப்பு, 02 சான்றிதழ் என்று எண் போட வேண்டும். பதினைந்து, பதினாறு வரை ஒழுங்காகப் போய், கடைசி ஃபைல் திடீரென்று 80 என்று குதிக்கும். நடுவில் இருந்தது எங்கே என்று அண்ணன் கேட்டதில்லை. அவருக்கு ஃபார்மேட் என்றால் ஃபார்மேட்.

அண்ணன் உலகத்தில் ஒரே ஒரு முள், 'லேடெக்' என்ற மென்பொருள். கணிதத் துறைப் பையன்கள் அதில் அடிக்கிறார்கள். அதன் வேரான 'டெக்', அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் செய்தது. 1977-இல் தன் புத்தகத்தின் அச்சு அழகில்லை என்று கோபித்துக்கொண்டு, ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தார். பத்து வருடத்துக்குமேல் இழுத்தது. பிஎச்.டி. ஸ்காலர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம். அப்படியொரு பையன் ஒருநாள் வந்து, பிரிண்ட் மட்டும் போதும் அண்ணே என்றான்.

"மார்ஜின் யாரு பாத்தா?"

"அதுவே பாத்துக்கும்."

"பக்க எண்? ரோமன்?"

"அதுவே போட்டுக்கும் அண்ணே."

அண்ணன் ஸ்கேலை எடுத்து அளந்தார். ஒன்றரை அங்குலம், மயிரிழை பிசகவில்லை. பேசாமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அன்று மாலை வரை யாரிடமும் பேசவில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

நாலாவது நாள் பையன் திரும்பி வந்தான். தலை கலைந்திருந்தது.

"அண்ணே, செக்‌ஷன்ல பி.டி.எஃப். வேணாங்கறாங்க. வேர்டு ஃபைலா கேக்குறாங்க."

"எத்தனை சமன்பாடு?"

"அறுநூறு இருக்கும்."

அண்ணன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "உக்காருங்க தம்பி. மச்சான், ரெண்டு டீ சொல்லு."